ஒன்பது மணி நேரம் நாற்காலியில்: காலில் ரத்தம் உறையுமா?

கேள்வியின் சாரம் இது. வீடு கிருஷ்ணகிரி, வேலை ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில். கம்பெனி பஸ்ஸில் போக ஒன்றேகால் மணி, வர ஒன்றேகால் மணி, நடுவில் ஒன்பது மணி நேரம் நாற்காலி. வயது 36. சாயங்காலம் செருப்பைக் கழற்றினால் வார் பட்ட இடம் பள்ளமாகத் தெரிகிறது. கூட வேலை செய்பவரின் அண்ணனுக்குக் காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போய்விட்டது என்று கேட்டதிலிருந்து மனசு நிலைகொள்ளவில்லை. காலையில் ஒரு மணி நேரம் நடப்பது போதாதா, தினமும் ஒரு ஆஸ்பிரின் போட்டுக்கொள்ளலாமா, எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்திருக்க வேண்டும் என்று மூன்றாகக் கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் கிடப்பது ‘எனக்கும் வருமா’ என்ற ஒரே கேள்விதான். அதற்கே முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உட்கார்ந்த வேலை மட்டுமே தனியாக நின்று ஒருவருக்கு இதைக் கொண்டுவருவது அரிது. வேறு ஏதோ ஒரு காரணம் உடம்பில் ஏற்கெனவே இருந்து, அதன்மேல் உட்காருவதும் சேரும்போதுதான் பெரும்பாலும் வருகிறது. அதனால் நிமிடக் கணக்குக்கு முன்னால் உங்களிடம் அந்த வேறு காரணம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

காலில் இறங்கிய ரத்தத்தை மேலே ஏற்றுவது பெரும்பாலும் கெண்டைக்கால் சதை. அடிபம்பு மாதிரி வேலை. சதைக்குள் புதைந்து ஓடும் ஆழ்சிரைகளை ஒவ்வொரு அடிக்கும் அது பிழிகிறது; பிழிந்த ரத்தம் திரும்ப இறங்காதபடி சிரைக்குள் இருக்கும் வால்வுகள் மூடிக்கொள்கின்றன. ஆடாமல் நிற்கும்போது கணுக்கால் சிரையில் அழுத்தம் 90 மி.மீ. பாதரசம் அளவுக்கு இருக்கும். நாலைந்து எட்டு வைத்ததும் 30க்குப் பக்கத்தில் இறங்கிவிடும். உட்கார்ந்தால் பம்பு நின்றுபோகிறது, போதாக்குறைக்கு முழங்காலிலும் இடுப்பிலும் குழாய் மடிகிறது. கெண்டைக்காலின் ஆழத்தில் பை போன்ற சிரைகள் உண்டு. ரத்தம் தேங்குவதும், உறைவு பெரும்பாலும் முதலில் முளைவிடுவதும் அங்கேதான். 19ஆம் நூற்றாண்டு ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோவின் பெயரால் மருத்துவ மாணவர்கள் இன்றும் மூன்று காரணங்களை ஒப்பிப்பார்கள்: ஓட்டம் தேங்குவது, நாளத்தின் உட்சுவர் புண்படுவது, ரத்தமே எளிதில் உறையும் தன்மைக்கு மாறுவது. நாற்காலி தருவது முதலாவதை மட்டும்தான்.

உட்காருவதற்கும் உறைவுக்கும் தொடர்பு இருப்பது புதிய செய்தி இல்லை. 1940இல் லண்டனில் குண்டுவீச்சுக்குப் பயந்து பதுங்குமிடங்களில் இரவு முழுக்கச் சாய்வு நாற்காலியில் கிடந்தவர்கள் சிலர் நுரையீரல் அடைப்பால் திடீரென்று இறந்ததைக் கீத் சிம்சன் என்ற மருத்துவர் எழுதினார். 1954இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஜான் ஹோமன்ஸ் விமானம், கார், நாடகக் கொட்டகை என்று நெடுநேரம் உட்கார்ந்தவர்களுக்கு வந்ததைப் பதிவு செய்தார். 2003இல் நியூசிலாந்திலிருந்து ஒரு செய்தி வந்தது: கம்ப்யூட்டர் முன்னால் நாளுக்கு 12 மணி, சில நாள் 18 மணி உட்கார்ந்த 32 வயதுக்காரருக்கு உயிருக்கே ஆபத்தான உறைவு. அதன்பின் அதே நாட்டில் நடந்த ஆய்வுகளில், மணிக்கணக்கில் எழாமல் உட்காருபவர்களுக்கு வாய்ப்பு சுமார் இரண்டு முதல் மூன்று மடங்கு வரை கூடுவதாகத் தெரிந்தது. அவை சிறிய ஆய்வுகள், நோய் வந்தவர்களிடம் பிறகு கேட்டு எழுதியவை. ஆகவே அந்த மடங்குக் கணக்கைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பயணம் பற்றிய எண்கள் இதைவிட உறுதியானவை. 4 மணி நேரத்துக்கு மேல் விமானம், ரயில், பஸ், கார் எதில் போனாலும் வாய்ப்பு சுமார் இரட்டிப்பாகிறது என்று உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வு 2007இல் சொன்னது. இரட்டிப்பு என்றதும் பதற வேண்டாம். அந்த ஆய்வுக் கணக்குப்படி அது சுமார் 6000 பயணிகளில் ஒருவருக்கு. சின்ன எண்ணை இரண்டால் பெருக்கினாலும் சின்ன எண்தான். முதலிலேயே பெரிய எண்ணை வைத்திருப்பவருக்குத்தான் பெருக்கல் வலிக்கும்.

அந்தப் பெரிய எண் யாரிடம் இருக்கும்? முன்பே ஒருமுறை காலிலோ நுரையீரலிலோ உறைவு வந்தவர். பெற்றோர், கூடப்பிறந்தவர்களில் யாருக்காவது 50 வயதுக்குள் வந்திருப்பவர். புற்றுநோய் உள்ளவர், அதற்கு மருந்து ஏற்றிக்கொள்பவர். கடந்த 3 மாதத்தில் பெரிய ஆபரேஷன், கால் எலும்பு முறிவு, மாவுக்கட்டு, படுத்த படுக்கை என்று ஏதாவது நேர்ந்தவர். இவர்களுக்கு உட்காரும் நேரம் நிஜமாகவே ஒரு மருத்துவப் பிரச்சினை. ஓசூர் ரோட்டில் பைக்கிலிருந்து விழுந்து காலில் கட்டுப் போட்டுக்கொண்டு, லீவு இல்லை என்று பத்தாவது நாளே கட்டோடு வந்து சீட்டில் உட்காருவதை வீரம் என்று நினைக்கிறோம். ஆபத்து உச்சத்தில் இருப்பது சரியாக அந்த வாரங்களில்தான். இதற்கு அடுத்த படியில் உடல் பருமன், 60ஐத் தாண்டிய வயது, புகை, பெரிதாகப் புடைத்த நரம்புச் சுருட்டல் (வெரிகோஸ் வெயின்) ஆகியவை வரும்.

பெண்கள் விஷயத்தில் சற்று நின்று சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இதை யாரும் கேட்பதில்லை. கர்ப்பகாலமும், அதைவிடக் கூடுதலாகப் பிரசவத்துக்குப் பிந்தைய 6 வாரமும் ரத்தம் எளிதில் உறையும் காலம். சிசேரியன் என்றால் இன்னும் கூடும். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் கலந்த கருத்தடை மாத்திரை வாய்ப்பை மூன்று நான்கு மடங்கு ஆக்குகிறது. கருத்தடைக்காக இல்லாமல் சினைப்பை நீர்க்கட்டிக்கும் மாதவிடாய் ஒழுங்குக்கும் அதே மாத்திரையைத்தான் எழுதுகிறார்கள் என்பதால், சாப்பிடுபவருக்கே தான் சாப்பிடுவது எது என்று தெரியாமல் இருக்கும். மாரியம்மன் பண்டிகைக்கும் திருப்பதிப் பயணத்துக்கும் நாள் தள்ளிப்போட மெடிக்கலில் கேட்டு வாங்கும் மாத்திரையும் சாதுவானது இல்லை. அதில் இருக்கும் நோரெத்திஸ்டரோன் நாளுக்கு மூன்று வேளை 5 மி.கி. என்று போகும்போது, உடம்புக்குள் அதில் ஒரு பகுதி ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. ஒரு முறை நாலு நாள் சாப்பிட்ட எல்லோருக்கும் உறைந்துவிடாது. ஆனால் அதைச் சாப்பிட்டுவிட்டு ராத்திரி முழுக்க பஸ்ஸில் காலைத் தொங்கப்போட்டுத் தூங்குவது, மேலே சொன்ன பட்டியலில் எதாவது உள்ளவர் செய்யக் கூடாத காரியம். காப்பர்-டி போன்ற ஹார்மோன் இல்லாத வழிகளுக்கு இந்தச் சிக்கல் கிடையாது.

இப்போது நாற்காலிக்கு வருவோம். உங்கள் பாதம் முழுசாகத் தரையில் படுகிறதா என்று முதலில் பாருங்கள். கால் தொங்கிக்கொண்டிருந்தால் ஓட்டம் கூடுதலாகக் குறைகிறது, சீட்டின் முன்விளிம்பும் தொடையின் அடியில் அழுத்துகிறது. லண்டன் சாய்வு நாற்காலிகளின் முன்கட்டையையும் அந்தக் காலத்தில் குறை சொன்னார்கள். முழங்காலின் பின்மடிப்புக்கும் சீட் விளிம்புக்கும் நடுவில் மூன்று விரல் நுழைய இடம் வேண்டும். உயரம் குறைவானவர்களுக்கு நாற்காலியை இறக்கினால் மேசை மார்புக்கு வந்துவிடும். அதற்கு நாற்காலியை உயர்த்தியே வைத்துக் காலுக்குக் கீழே ஏதாவது கொடுப்பதுதான் சரி. ஏ4 காகிதக் கட்டு ஒன்று சுமார் 5 செ.மீ. கனம். பிரிக்காத இரண்டு கட்டை டேப் சுற்றிப் போட்டால் 10 செ.மீ. பலகை தயார். நாற்காலி மேலேயே சம்மணம் போட்டு உட்காரும் பழக்கம் நம் ஆட்களிடம் நிறைய. பத்து நிமிடம் பரவாயில்லை, மணிக்கணக்கில் வேண்டாம். காலை நாற்காலிக்கு அடியில் பின்னுக்கு மடித்து வைத்துக்கொள்வதும் அதே கணக்கில்தான் சேரும். முழங்கால் மடிப்பு நெருங்க நெருங்கப் பின்னால் ஓடும் சிரை நசுங்கும்.

எழுந்திருக்க எத்தனை நிமிடம்? இந்த நிமிடத்தைத் தாண்டினால் உறையும், தாண்டாவிட்டால் உறையாது என்று கோடு கிழிக்கும் ஆய்வு எதுவும் இல்லை. நடைமுறையில் மணிக்கு ஒருமுறை எழுந்து 2 முதல் 5 நிமிடம் நடப்பதும், நடுவில் அரை மணிக்கு ஒருமுறை உட்கார்ந்த இடத்திலேயே பாதத்தை இயக்குவதும் நியாயமான அளவு. இரண்டு மணி நேரம் தொடர்ந்து எழாமல் இருக்கும் நிலையை மட்டும் வரவிடாதீர்கள். பாதத்தை இயக்குவது என்றால் விரலை ஆட்டுவது இல்லை. குதிகாலைத் தரையில் ஊன்றி முன்பாதத்தை முடிந்தமட்டும் மேலே தூக்கி மூன்று வினாடி நிறுத்துங்கள். பிறகு முன்பாதத்தால் தரையை அழுத்தி மிதித்துக் குதிகாலைத் தூக்கி மூன்று வினாடி. இப்படி 20 தடவை, இரண்டு கால்களுக்கும். அந்த ‘அழுத்தி’ என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. கெண்டைக்கால் கல்லாக இறுகுவது கைக்குத் தெரிய வேண்டும். எதிர்ப்பு இல்லாமல் சும்மா ஆட்டினால் சிரை பிழியப்படுவது குறைவு. எழுந்து நிற்கும்போது மேசையைப் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் 15 தடவை ஏறி இறங்குங்கள். கூடவே நாலைந்து முறை ஆழமாக மூச்சு இழுத்தால் உதரவிதானம் இறங்கி, வயிற்றுச் சிரையிலிருந்து ரத்தத்தை மேலே இழுக்கும்.

இது எங்கே கெடுகிறது என்றால் அலாரத்தில். முதல் வாரம் எழுவார்கள், இரண்டாம் வாரம் விரல் தானாக அதை அமுக்கிவிடும். மாதக் கடைசியிலோ ஜிஎஸ்டி தாக்கல் நாளிலோ அலாரம் அடித்ததே காதில் விழாது. எழுந்தே தீர வேண்டிய காரணத்தை மேசையிலிருந்து தள்ளி வைப்பதுதான் நிலைக்கிறது: தண்ணீர் பாட்டிலைப் பெரிதாக வைக்காமல் அரை லிட்டராக வைப்பது, பிரிண்டரைக் கைக்கு எட்டாத இடத்துக்கு மாற்றுவது, போன் வந்தால் எழுந்து நின்று பேசுவது. தண்ணீர் குடித்தால் ரத்தம் நீர்த்து உறையாமல் இருக்கும் என்று பரவலாக நம்புகிறார்கள். அதற்குச் சான்று பலவீனம்தான். குடித்தவர் பாத்ரூமுக்கு எழுந்துதான் ஆக வேண்டும் என்பதில் மட்டும் சந்தேகமில்லை. கிருஷ்ணகிரி, தர்மபுரி என்று நம் இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு தொல்லை உண்டு என்பதால் போர் தண்ணீரைத் தவிர்த்து, அதோடு தண்ணீரையே குறைத்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத் தண்ணீரோ சுத்திகரித்ததோ, வீட்டிலிருந்து கொண்டுபோங்கள். கழிப்பறை சரியில்லை என்று நாள் முழுக்கக் குடிக்காமல் இருக்கும் பெண்களுக்கு என் பதில் போதாது, அதை நிர்வாகம்தான் சரிசெய்ய வேண்டும்.

காலை நடை போதாதா என்றால், இதயத்துக்கும் சர்க்கரைக்கும் எடைக்கும் மிக நல்லது, விடவே விடாதீர்கள். ஆனால் ஆறு மணிக்கு அடித்த பம்பு பகல் பதினோரு மணிக்குத் தேங்கும் ரத்தத்தை ஏற்றாது. பகலில் சின்னச் சின்னதாக உடைத்து அசைவது வேறு வேலை. பஸ்ஸும் இதே கணக்கில் சேரும். சீட்டில் உட்கார்ந்ததும் தூங்கிவிடுவீர்கள் என்றால் பையைக் காலடியில் வைக்காமல் மேலே வையுங்கள், கால் நீட்ட இடம் கிடைக்கும். பின்சக்கரத்தின் மேட்டுக்கு மேல் வரும் சீட்டைத் தவிர்த்து, வழியோரம் உட்காருங்கள். சூளகிரி வந்ததும் ஒரு சுற்று, ஓசூர் நெருங்கும்போது ஒரு சுற்று பாதம் மிதித்தால் போதும். ஆகமொத்தம் உங்கள் கணக்கு பதினொன்றரை மணி நேரம். வீட்டுக்குப் போய் சோபாவில் போனோடு இரண்டு மணி என்றால் பதின்மூன்றரை. கம்பெனி நேரத்தை உங்களால் மாற்ற முடியாது, சோபா நேரத்தை முடியும்.

கார்மெண்ட்ஸில் தையல் மிஷின் முன் உட்காருபவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய கால்மிதி மிஷினில் குதிகாலும் விரலும் மாறி மாறி மிதிபடும், அதுவே கெண்டைக்காலுக்குப் பயிற்சி. மோட்டார் மிஷினில் பெடலை லேசாக அழுத்தினால் போதும், சதை சும்மாவே கிடக்கிறது. துணிக் கட்டு (பண்டில்) மாற்றும் ஒவ்வொரு முறையும் எழுந்து எடுப்பது ஒன்றுதான் அங்கே சாத்தியம். அப்படியென்றால் நின்றுகொண்டே வேலை செய்தால் என்ன என்று கேட்பார்கள். ஆடாமல் நிற்பது நரம்புச் சுருட்டலுக்கு நேர்வழி. கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டத்தைத் திருத்தியது நின்றே கால் வீங்கியவர்களுக்காகத்தான். நிற்பதும் உட்காருவதும் மாறி மாறி வருவது நல்லது.

ஆஸ்பிரின் வேண்டாம். அது முக்கியமாக ரத்தத் தட்டணுக்கள் ஒட்டுவதைத் தடுப்பது. தமனியில் வரும் அடைப்புக்கு அதனால்தான் கொடுக்கிறார்கள். சிரையில் தேங்கி உறைவது பெரும்பாலும் ஃபைப்ரின் என்ற நார்ப்புரதமும் சிவப்பணுக்களும் கலந்த கட்டி. சில ஆபரேஷன்களுக்குப் பிறகு மருத்துவர் சொல்லிக் கொடுப்பது வேறு. உட்கார்ந்து வேலை செய்கிறோம் என்பதற்காகத் தினமும் 75 மி.கி. போடுவதற்கு ஆதாரம் கிடையாது. வயிற்றில் புண்ணாகி ரத்தம் கசிவது மட்டும் நிச்சயமான வாய்ப்பு. டெங்கு பரவும் மழைமாதங்களில் தட்டணுக்கள் சரியும் உடம்பில் ஆஸ்பிரினும் இருந்தால் நிலைமை மோசமாகும். பூண்டு, இஞ்சி, மஞ்சள் எல்லாம் சமையலில் தாராளமாக இருக்கட்டும், தடுப்பு மருந்து என்று நம்ப வேண்டாம்.

அழுத்தக் காலுறை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மெடிக்கல்காரர் சொல்வார். நீண்ட விமானப் பயணத்தில் முழங்காலுக்குக் கீழ் வரை போடும் காலுறை, அறிகுறி காட்டாத உறைவுகளைக் குறைக்கிறது என்பதற்கு நல்ல சான்று உண்டு. ஆபீஸ் வேலைக்கு அப்படிச் சான்று கிடையாது. மாலை வீக்கமும் கனமும் குறையும் என்பது உண்மை; அதற்காக 15 முதல் 20 மி.மீ. அழுத்தமுள்ளதைப் போட்டுப் பார்க்கலாம். அளவு எடுப்பது காலையில் எழுந்ததும், வீக்கம் ஏறுவதற்கு முன்: கணுக்காலின் மெலிந்த இடம், கெண்டைக்காலின் தடித்த இடம், இரண்டும் சென்டிமீட்டரில். மேல்விளிம்பு சுருண்டு இறங்கினால் அது கயிறு கட்டியது போல் இறுக்கி, எதைத் தடுக்கப் போட்டோமோ அதையே செய்யும். இரவில் கழற்றிவிடுங்கள். சர்க்கரையால் பாதம் மரத்தவர்கள், நடந்தால் கால் இழுத்துப் பிடிக்கும் தமனி அடைப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போடவே கூடாது.

உங்கள் மாலை வீக்கம் இரண்டு காலிலும் ஒரே அளவாக, விடிந்தால் வற்றிவிடுகிறது என்றால் அது புவியீர்ப்பின் வேலையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பிபிக்கு ஆம்லோடிபின் சாப்பிட்டால் அதுவே கணுக்காலை வீங்கவைக்கும். விடிந்தும் வற்றவில்லை என்றால் சிறுநீரகம், இதயம், தைராய்டு, ரத்தசோகை பார்க்க வேண்டும். ஒரு காலில் மட்டும் வீக்கம் என்றால் எண்ணம் மாற வேண்டும். முழங்கால் சில்லுக்குக் கீழே கைக்குத் தட்டுப்படும் எலும்பு மேட்டிலிருந்து 10 செ.மீ. கீழே, இரண்டு காலிலும் தையல் டேப்பால் சுற்றளவு எடுங்கள். வித்தியாசம் 3 செ.மீ.க்கு மேல் இருந்து, கெண்டைக்காலில் வலியோ சூடோ நிறமாற்றமோ சேர்ந்தால் அன்றே, சிரையில் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுக்கும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வித்தியாசம் அதற்குக் குறைவு என்பதால் உறைவு இல்லை என்றும் ஆகிவிடாது. டி-டைமர் என்ற ரத்தப் பரிசோதனை, வாய்ப்பு குறைவானவரிடம் நெகடிவ் வந்தால் உறைவு இல்லை என்று நம்பலாம்; பாசிடிவ் வந்தால் காய்ச்சல், கர்ப்பம், காயம் எதிலும் அது கூடும் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது.

இந்த இடத்தில் நம் பேச்சுவழக்கு ஒரு குழி வெட்டி வைத்திருக்கிறது. ‘ரத்தக்கட்டு’ என்றால் நமக்கு அடிபட்டுக் கன்றிப்போவது. காலில் ரத்தம் கட்டியிருக்கிறது என்றதும் வீட்டில் மஞ்சள் பற்றுப் போட்டு எண்ணெய் வைத்து நீவுவார்கள், இல்லாவிட்டால் சுளுக்கு எடுப்பவரிடம் கூட்டிப்போவார்கள். ஆழ்சிரையில் உறைந்த கட்டியை அழுத்தி வழித்தால் அது பிய்ந்து மேலே போகலாம், அப்படி நடந்தும் இருக்கிறது. ஒற்றைக்கால் வீக்கத்துக்குக் காரணம் தெரியும் வரை யாரும் கையால் நீவக் கூடாது.

பிய்ந்த கட்டி போய்ச் சேரும் இடம் நுரையீரல். திடீர் மூச்சிரைப்பு, மூச்சை இழுத்தால் நெஞ்சில் குத்து, காரணமில்லாமல் படபடப்பு, இருமலில் ரத்தம், மயக்கம், இவற்றில் எது வந்தாலும் பைக்கில் உட்காரவைத்துக் கூட்டிப்போக வேண்டாம். 108ஐக் கூப்பிடுங்கள், கிருஷ்ணகிரி அல்லது தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய இடத்துக்குப் போகச் சொல்லுங்கள். கால் வீக்கம் முதலில் வந்தே ஆக வேண்டும் என்பதில்லை, காலில் ஒன்றுமே தெரியாமல் நேராக மூச்சில் காட்டுவதும் உண்டு. அங்கே போனதும் ‘நெஞ்சு வலி’ என்று மட்டும் சொன்னால் ஈசிஜி, வாயு மாத்திரை என்று பேச்சு போகலாம். எத்தனை மணி நேரம் உட்கார்ந்த வேலை, கடைசி மூன்று மாதத்தில் ஆபரேஷன், மாவுக்கட்டு, பிரசவம் ஏதாவது உண்டா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், வீட்டில் யாருக்காவது உறைந்திருக்கிறதா, இந்த நான்கையும் அவர்கள் கேட்பதற்கு முன்னால் நீங்களே சொல்லிவிடுங்கள்.